புறப்படும் வேளையை அறிதல்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு மகப்பேறு தொடங்கிவிட்டது என்பதை வீட்டிலுள்ளோர் எவ்வாறு அறிந்துகொள்வது என்பதாகும். பாடசாலை அதிபர் ஒருவருக்கு இந்த விடயத்தில் என்ன வேலை என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நியாயமானதே. நான் கற்றது கலை. முப்பது ஆண்டுகளாகக் கற்பித்தது தமிழும் வரலாறும். வைத்தியர் செய்ய வேண்டிய காரியத்தை நான் செய்ய முற்படவில்லை. ஆயினும் நள்ளிரவில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது அவள் அருகில் வைத்தியர் இருப்பதில்லை. கணவனோ தாயோ மாமியாரோ அயல்வீட்டு அக்காவோதான் இருப்பார்கள். இப்பொழுதே புறப்படுவதா, விடியும்வரை பொறுப்பதா என்ற வினாவுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அவர்களே. அந்த விடையை ஒருமுறை பிழையாகச் சொன்னவன் நான். ஆகவே, கற்றவன் என்ற முறையில் அன்று, பிழைவிட்டவன் என்ற முறையிலேயே இன்று உங்கள் முன் பேசுகின்றேன்.

மகப்பேற்றிலே தாய்மார் உயிரிழப்பதற்குக் காரணமாகும் தாமதங்களை 1994 ஆம் ஆண்டில் தடியஸ், மெயின் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் மூன்றாக வகுத்துக் காட்டினார்கள். உதவி தேட வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்வதில் உண்டாகும் தாமதம் முதலாவது. வைத்தியசாலையைச் சென்றடைவதில் உண்டாகும் தாமதம் இரண்டாவது. சென்றடைந்த பின்னர் தக்க சிகிச்சை கிடைப்பதில் உண்டாகும் தாமதம் மூன்றாவது. பின்னைய இரண்டையும் குறைப்பதற்கு நம் நாடு நெடுங்காலமாக உழைத்து வந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அவ்வுழைப்பின் வரலாறு நீண்டது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1848 ஆம் ஆண்டில் மானிப்பாயில் தம் வைத்தியப் பணியைத் தொடங்கினார். நம் இளைஞர்களுக்கு மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்த அவர், வைத்திய நூல்கள் பலவற்றைத் தமிழிலே தந்தார். அவற்றுள் பிரசவ வைத்தியம் பற்றிய நூல் 1857 இல் வெளிவந்தது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாக இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை 1898 இல் நிறுவப்பட்டது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் வழியிலே, பயிற்சி பெற்ற மருத்துவமாது கர்ப்பிணியின் வீட்டு வாசலுக்கே சென்று விசாரிக்கும் முறை நாடெங்கும் பரவியது. இதன் பயனை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். 1930 களில் இந்நாட்டில் 1,00,000 பிள்ளைகள் பிறக்கும்போது 2,000 தாய்மாருக்கு மேல் இறந்தனர். இந்நூற்றாண்டில் அத்தொகை பொதுவாக 30 அல்லது 40 என்ற அளவிலே நிற்கிறது. இன்று நூற்றுக்கு 99 க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வைத்தியசாலையிலேயே பிறக்கின்றன.

ஆனால் முதலாவது தாமதம் இருக்கின்றதே, அது நம் வீட்டு வாசலுக்கு உள்ளே இருப்பது. அரசாங்கமோ வைத்தியரோ வந்து அதை அகற்ற முடியாது. அறிகுறிகளை அறிந்த வீட்டார் மட்டுமே அதனை அகற்றலாம்.

இனி அந்த அறிகுறிகளை ஒழுங்காக நோக்குவோம்.

முதலில் நாட்கணக்கைப் பற்றிச் சில சொற்கள். கடைசியாக வந்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்களை, அதாவது 40 வாரங்களைக் கணக்கிட்டு, பிள்ளை பிறக்கும் நாள் என்று கிளினிக்கில் குறித்துக் கொடுப்பார்கள். தொடக்க மாதங்களிலே செய்யப்படும் ஸ்கேன் பரிசோதனையால் அந்நாளைத் திருத்துவதும் உண்டு. நம்மவரிற் பலர் அந்நாளைச் சோதிடர் குறித்த முகூர்த்தம்போல் எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில், குறித்த அந்த நாளிலேயே பிறக்கும் பிள்ளைகள் 20 பேரில் ஒருவர் என்ற அளவினரே. 37 வாரம் நிறைந்த பின்னர் எந்த நாளிலும் பேறு தொடங்கலாம். "இன்னும் இரண்டு கிழமை இருக்கிறதே, இது வேறு ஏதோ நோ" என்று ஒதுக்கிவிடுவது பிழை. 37 வாரம் நிறையுமுன்னரே பேற்றின் அறிகுறி தோன்றுமாயின், அது குறைமாதப் பேறாகலாம். அப்பொழுது சிறிதும் காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

பேறு நெருங்குவதைத் தொலைவிலிருந்தே உணர்த்தும் குறிகள் சில உண்டு. பிள்ளையின் தலை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இறங்குவது அவற்றுள் ஒன்று. வயிறு இறங்கிவிட்டது என்று நம் கிழவிகள் பார்த்த மாத்திரத்திலே சொல்வது இதனைத்தான். மூச்சு விடுவது முன்னரிலும் இலகுவாகும். உணவு சற்று எளிதாகச் செல்லும். ஆனால் சிறுநீர் அடிக்கடி வெளியேறும். தலைப்பிள்ளையாயின் பேற்றுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்னரே இவ்விறக்கம் நிகழ்வதுண்டு. அடுத்த பிள்ளைகளில் பேறு தொடங்கும்வரை நிகழாமலும் இருக்கலாம். இடுப்பு நாரியில் உளைவு, மலம் இளகிப் போதல், காரணமின்றி வீட்டைக் கூட்டித் துப்புரவாக்கும் ஆவல் ஆகியவற்றையும் சிலர் காண்பர். இவையெல்லாம் நாள் நெருங்குகிறது என்பதைத் தெரிவிப்பவை. இவற்றைக் கண்டு பதறிப் புறப்பட வேண்டியதில்லை. பையை எடுத்து வைத்தால் போதும்.

அடுத்தது, கருப்பையின் கழுத்தை அடைத்திருக்கும் சளி போன்ற பொருள் வெளிவருதல். கர்ப்ப காலம் முழுவதும் கருப்பையின் கழுத்து, இழுத்துக் கட்டிய சுருக்குப் பையின் வாய்போல் மூடியிருக்கிறது. அந்த வாயைத் தடித்த சளிக்கட்டி ஒன்று அடைத்துக் கொண்டிருக்கும். கழுத்து மெல்ல இளகத் தொடங்கியதும் அச்சளி, இளஞ்சிவப்பான அல்லது கபிலநிறமான இரத்தக் கீற்றுடன் கலந்து வெளிப்படும். அதன்பின் சில மணி நேரத்தில் நோத் தொடங்கலாம். சில நாட்களும் செல்லலாம். ஆகவே இதனைக் கண்டால் விழிப்பாக இருக்க வேண்டும். ஆனால் ஒன்றை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சளியோடு கலந்த கீற்று வேறு. செந்நிற இரத்தம் ஓடுவது வேறு. மாதவிலக்குப்போல் இரத்தம் வெளிப்பட்டால், நோ இருந்தாலும் இல்லாவிட்டாலும், அக்கணமே புறப்பட வேண்டும்.

இப்பொழுது நோவுக்கு வருவோம். இங்கேதான் பலரும் மயங்குகின்றனர். கருப்பை என்பது தசையால் ஆன ஒரு பை. பேற்றுக்கு முந்திய வாரங்களிலும் அத்தசை இடையிடையே இறுகிப் பின் இளகும். 1872 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பிறக்ஸ்ரன் ஹிக்ஸ் என்னும் வைத்தியர் இதனை விளக்கி எழுதியமையால், வைத்திய உலகில் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. நம்மவர் இதைப் பொய்நோ என்றும் சூட்டுவலி என்றும் சொல்வர். மெய்ந்நோவோ வேறு தன்மையது. அது கருப்பையின் மேற்பகுதியில் தொடங்கி அலைபோல் கீழே பரவும். ஒவ்வோர் அலையும் பிள்ளையைக் கீழே தள்ளுவதோடு, கருப்பையின் கழுத்தைச் சிறிது சிறிதாக மேலே இழுத்து விரிக்கும். கழுத்து ஒடுங்கிய சட்டையை ஒரு குழந்தைக்கு அணிவிக்கும்போது, தலை உட்புகப் புகச் சட்டையின் கழுத்து விரிந்து கொடுப்பதைக் கண்டிருப்பீர்கள். ஏறக்குறைய அதுவே இங்கும் நிகழ்கிறது. அக்கழுத்து 10 சென்ரிமீற்றர் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ நான்கு அங்குலத்துக்கு விரிந்த பின்னரே பிள்ளை வெளிவர வழி உண்டாகும்.

பொய்நோவையும் மெய்ந்நோவையும் பிரித்தறிய நான்கு வினாக்கள் போதும்.

முதலாவது, நோ ஒழுங்காக வருகிறதா? பொய்நோ ஒருமுறை பத்து நிமிடத்தில் வரும். மறுமுறை அரைமணி கழித்து வரும். பின்னர் வராமலே போகும். மெய்ந்நோ ஓர் ஒழுங்குடன் வரும்; இடைவெளி படிப்படியாகக் குறுகும்.

இரண்டாவது, நோ வளர்கிறதா? பொய்நோ தொடங்கிய அளவிலேயே நின்றுவிடும். மெய்ந்நோவில் ஒவ்வோர் அலையும் முந்தியதிலும் நீண்டு, முந்தியதிலும் வலுவாக இருக்கும். நோவின் உச்சத்தில் அந்தப் பெண்ணால் பேச்சைத் தொடர முடியாது.

மூன்றாவது, ஓய்வுக்கு அடங்குகிறதா? சிறிது நடந்தாலோ, ஒருக்களித்துப் படுத்தாலோ, தண்ணீர் அருந்தினாலோ, வெந்நீரில் முழுகினாலோ பொய்நோ தணியும். மெய்ந்நோ எதற்கும் அடங்காது.

நான்காவது, எங்கே தொடங்குகிறது? பொய்நோ பெரும்பாலும் வயிற்றின் முன்புறத்திலேயே நிற்கும். மெய்ந்நோ பெரும்பாலும் நாரியில் தொடங்கி முன்னே சுற்றி வரும். ஆனால் எல்லாருக்கும் இவ்வாறே நிகழும் என்று கொள்ளலாகாது. ஆகையால் முதல் மூன்று வினாக்களையே பெரிதாகக் கொள்ளுங்கள்.

இவ்வினாக்களுக்கு விடை காண விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு மணிக்கூடும் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியும் போதும். கர்ப்பிணியின் வயிற்றின் மேற்பகுதியில் உள்ளங்கையை மெல்ல வையுங்கள். இளகியிருக்கும்போது நம் கன்னத்தைத் தொடுவதுபோல் இருக்கும். இறுகும்போது நெற்றியைத் தொடுவதுபோல் இருக்கும். இறுகத் தொடங்கிய நேரத்தைக் குறியுங்கள். இளகிய நேரத்தையும் குறியுங்கள். அடுத்த நோத் தொடங்கும் நேரத்தையும் குறியுங்கள். ஒரு நோவின் தொடக்கத்திலிருந்து அடுத்த நோவின் தொடக்கம் வரை உள்ளதே இடைவெளி. முடிவிலிருந்து எண்ணுவது பிழை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இரவு 8.10, 8.32, 8.40, 9.15 என்று கொப்பியில் எழுதப்பட்டிருந்தால், அங்கே ஒழுங்கு இல்லை, பொறுத்திருந்து பார்க்கலாம். 1.00, 1.09, 1.17, 1.24, 1.30 என்று எழுதப்பட்டு, ஒவ்வொரு நோவும் நாற்பது விநாடி, ஐம்பது விநாடி என நீண்டு வந்தால், அது மெய்ந்நோவே. எண்களைப் பார்த்த அளவில் எழுத்தறிந்த எவரும் இதனைச் சொல்லிவிடலாம்.

தலைப்பிள்ளைக்காரி, வைத்தியசாலைக்கு அண்மையில் வாழ்பவளாயும் வேறு சிக்கல் இல்லாதவளாயும் இருந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம் நீடிப்பதாய், ஒரு மணி நேரம் நோ வந்துகொண்டிருக்கும் வேளையே புறப்படுவதற்குரிய கடைசி எல்லை என்று கொள்ளுங்கள். இரண்டாவது, மூன்றாவது பிள்ளையாயின் பேறு விரைந்து முடியும்; ஆகவே நோ ஒழுங்குபட்டதுமே புறப்பட வேண்டும். தொலைவில் வாழ்பவர்களுக்கும் அவ்வாறே. முன்னர் வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்தவர்கள், இரட்டைப் பிள்ளைகளைச் சுமப்பவர்கள், பிள்ளையின் தலை மேலே இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், இரத்த அழுத்தமோ நீரிழிவோ உடையவர்கள் ஆகியோர் இந்தக் கணக்கைப் பார்த்துக் கொண்டிருக்கலாகாது. கிளினிக்கில் அவர்களுக்கெனச் சொல்லப்பட்ட அறிவுரையே அவர்களுக்கு விதி. ஐயம் உண்டாயின் போவதே நன்று. பொய்நோவுக்காகச் சென்று திரும்பி வந்த பெண்ணுக்கு எந்தக் குறையும் இல்லை.

நேயர்களே, இனி பன்னீர்க்குடம் உடைவதைப் பற்றிச் சொல்லப் போகின்றேன். நான் பிழைவிட்ட இடம் இதுவே.

1997 ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் இரவு ஊரடங்கு நடைமுறையில் இருந்த காலம். என் மனைவி எங்கள் தலைப்பிள்ளைக்கு நிறைமாதமாக இருந்தாள். ஒரு நாள் பிற்பகல் மூன்று மணியளவில் அவளுடைய உடை சிறிது நனைந்திருந்தது. மாற்றிக்கொண்டாள். மீண்டும் நனைந்தது. நிறைமாதத்தில் சிறுநீர் தங்காது என்று கேட்டிருந்தோமாகையால், அதுவே என்று எண்ணினோம். அயலில் இருந்த அம்மா ஒருவரைக் கேட்டேன். பல பிள்ளைகளைப் பெற்றவர். எங்கள்மீது அன்பு மிக்கவர். "நோக் காணாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன செய்யிறது, தம்பி?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. மாலை வந்தது, ஊரடங்கு வந்தது. இரவு இரண்டு மணிக்கு அவளுக்கு நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டது. விளக்கு வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு விடியும்வரை அமர்ந்திருந்தேன். விடிந்ததும் அயலவர் ஒருவரின் காரில் அவளைக் கொண்டு சென்றோம். அங்கே இருந்த மருத்துவமாது முதலிற் கேட்ட வினா, "நீர் போகத் தொடங்கியது எத்தனை மணிக்கு?" என்பது. அப்பொழுதுதான் அது சிறுநீர் அன்று என்பதை உணர்ந்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. கிருமி தொற்றியிருந்தமையால் பன்னிரண்டு நாட்கள் அக்குழந்தை தாயின் மடிக்கு வரவில்லை. இறைவன் அருளாலும் வைத்தியர்கள், தாதியர்களின் உழைப்பாலும் பிழைத்தது. நெடுங்காலம் நான் ஊரடங்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் உண்மை என்ன? நீர் போகத் தொடங்கியது பிற்பகல் மூன்று மணிக்கு. ஊரடங்கு தொடங்க நேரம் இருந்தது, பாதையும் திறந்திருந்தது. எங்களை வீட்டில் நிறுத்தியது அறியாமையே.

ஆகவே இதனைக் கேளுங்கள். கருப்பைக்குள் பிள்ளை ஒரு நீர்ப்பைக்குள் மிதந்துகொண்டிருக்கிறது. அதனையே பன்னீர்க்குடம் என்கிறோம். பெரும்பாலும் நோத் தொடங்கிய பின்னரே அது உடையும். ஆனால் நிறைமாதத்தை அடைந்த பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேருக்கு நோ எதுவும் தொடங்குமுன்னரே உடைந்துவிடும். குடம் உடைவது என்ற சொல் நம்மை மயக்குகிறது. குடத்தைக் கவிழ்த்ததுபோல் நீர் பாயும் என்று எதிர்பார்க்கிறோம். சிலருக்கு அவ்வாறு பாயும். வேறு சிலருக்குத் துளித்துளியாகக் கசியும். சிறுநீரை அடக்க முயன்றால் அடங்கும். இந்த நீர் அடங்காது. சிறுநீருக்கு உரிய மணம் இதற்கு இராது. நிறம் தெளிவாகவோ வெளிறிய மஞ்சளாகவோ இருக்கும். சிறுநீர் கழித்த பின்னர் சுத்தமான உலர்ந்த துணியை அணிந்து சிறிது படுத்திருந்து, எழுந்து நிற்கும்போது மீண்டும் நனைந்தால் பன்னீர் என்றே கொள்ளுங்கள்.

அந்த நீர்ப்பை பிள்ளைக்கு ஒரு மதில். மதில் உடைந்த பின்னர் கிருமிகள் மேலேறிச் செல்ல வழி திறந்துவிடுகிறது. நேரம் செல்லச் செல்லத் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து வளரும். எனவே நீர் போகத் தொடங்கினால், நோக் காணும்வரை காத்திராமல் புறப்பட வேண்டும். தொடங்கிய நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். சுத்தமான துணியை அணிவிக்கலாம். உள்ளே எதனையும் வைக்கலாகாது. நீரின் நிறத்தைக் கவனியுங்கள். பச்சையாகவோ கபிலமாகவோ இருந்தால், பிள்ளை உள்ளேயே மலம் கழித்துவிட்டது என்பது பொருள். பிள்ளை இடர்ப்படுவதற்கு அது அறிகுறியாகலாம். நீரோடு கொப்பூழ்க்கொடி வெளியே தென்பட்டால், அதைத் தொடாமல், அந்தப் பெண்ணை முழந்தாளிட்டு, மார்பு நிலத்தோடும் இடுப்பு மேலேயும் இருக்குமாறு குனியச் செய்து, அக்கணமே அம்புலன்சை அழையுங்கள். இது அரிதாகவே நிகழும். நிகழுமாயின் ஒவ்வொரு நிமிடமும் பிள்ளையின் உயிர்.

வேறு சில குறிகளும் உண்டு. அவை பேற்றின் அறிகுறி அல்ல, ஆபத்தின் அறிகுறி. பிள்ளையின் அசைவு வழமையிலும் குறைந்து போதல் அவற்றுள் முதன்மையானது. "பிள்ளை இறங்கிவிட்டது, இடம் போதாது, அதனால்தான் துடிப்புக் குறைவு" என்று ஆறுதல் சொல்வோர் உளர். அது உண்மையன்று. அசைவின் தன்மை மாறலாம். ஆனால் பேறு தொடங்கும்வரையும், தொடங்கிய பின்னரும், பிள்ளை அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கடுமையான தலையிடி, கண் மங்குதல், மேல்வயிற்றில் நோ, முகமும் கையும் திடீரென வீங்குதல், வலிப்பு ஆகியவை இரத்த அழுத்தம் மிகுந்ததைக் குறிப்பவை. இடையில் இளகாமல் வயிறு கல்போல் இறுகியே இருப்பது இன்னோர் ஆபத்து. காய்ச்சலும் அவ்வாறே. இவற்றுள் எது கண்டாலும் மணிக்கூட்டையும் கொப்பியையும் எடுக்க வேண்டாம். செருப்பை அணிந்து புறப்படுங்கள்.

நம் குடாநாட்டின் அமைப்பையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆகிய ஊர்களில் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. நகரிலே போதனா வைத்தியசாலை இருக்கிறது. தரைவழியாக வருவோருக்குப் பாதை திறந்தே இருக்கிறது. ஆனால் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகிலே வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். அதன் பின்னரும் நகருக்கு நெடும்பாதை உண்டு. சோளகக் காற்று மூளும் மாதங்களிலும் மாரியின் வாடைக் காற்றிலும் கடல் நம் சொற்கேளாது. அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு மக்களும் கடலைக் கடந்தே வர வேண்டியவர்கள். இவர்கள் நோவின் இடைவெளியை எண்ணிக்கொண்டு தீவிலேயே தங்கியிருப்பது தகாது. எந்த வாரத்தில் கரைக்கு வந்து உறவினர் வீட்டிலோ வைத்தியசாலையிலோ தங்குவது என்பதைக் கிளினிக்கிலும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் முன்கூட்டியே கேட்டு, அதற்குரிய ஒழுங்கைச் செய்துகொள்ள வேண்டும். எதிர்பாராமல் தீவிலேயே அறிகுறி தோன்றினால், முதலில் அத்தீவின் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். படகை ஒழுங்கு செய்யும் பொறுப்பை அவர்களிடம் விடுங்கள்.

தரைவழியில் உள்ளோருக்கு இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வீட்டுக்கே வரும். 2018 ஆம் ஆண்டில் இச்சேவை வட மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. அழைக்கும்போது ஊரின் பெயரோடு ஒழுங்கையின் பெயரையும், அருகிலுள்ள கோயில், பாடசாலை, சங்கக்கடை போன்ற அடையாளம் ஒன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவர் விளக்கோடு ஒழுங்கை முகப்பில் நிற்பது நல்லது.

36 ஆவது வாரத்துக்குள் ஒரு பையை ஆயத்தமாக்கி வையுங்கள். கர்ப்பிணிப் பதிவேடு, அடையாள அட்டை, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் முதலியவற்றின் அறிக்கைகள் ஆகியவை அப்பையில் முதலில் வைக்க வேண்டியவை. தாய்க்கு மாற்றுடை, துவாலை, சுத்தமான துணிகள், பிள்ளைக்குத் தோய்த்து உலர்த்திய பழைய மென்துணிகள், சிறிது பணம் ஆகியவை அடுத்தவை. பதிவேட்டை அலுமாரியில் பூட்டித் திறப்பைத் தேடும் வீடுகளை நான் அறிவேன்.

செய்யத் தகாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். நோவை வரவழைக்கவென்று ஆமணக்கெண்ணெயையோ வேறு கசாயத்தையோ வீட்டில் கொடுக்க வேண்டாம். சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். தாகத்துக்கு அதை அருந்துவதில் தீங்கில்லை. ஆனால் நீர் போகும்போதோ இரத்தம் போகும்போதோ அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது தீங்கு. பேறு முடிந்த பின்னர் பத்தியக் கறிக்கும் காயச் சரக்குக்கும் காலம் இருக்கிறது. அவ்வாறே, இராகு காலம் கழியட்டும் என்று வாசலில் நிற்கவும் வேண்டாம். பிள்ளை பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை.

கணவன்மாருக்கும் ஒரு சொல். இவையெல்லாம் பெண்களின் காரியம் என்று ஒதுங்கி நிற்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. நானும் அவ்வழக்கில் வளர்ந்தவன்தான். ஆனால் வண்டியை அழைப்பதும், பணத்தை எடுப்பதும், போவோம் என்ற சொல்லைச் சொல்வதும் பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கின்றன. முடிவு நம் கையில் இருக்குமாயின், அதற்கு வேண்டிய அறிவும் நம்மிடம் இருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெண்ணின் சொல்லுக்குச் செவிகொடுங்கள். ஏதோ சரியில்லை என்று அவள் சொன்னால், அவள் சொல்வதே முதற் சான்று.

பன்னிரண்டு நாட்கள் தாயின் மடிக்கு வராதிருந்த அந்தப் பெண் பிள்ளை இப்பொழுது தன் தலைப்பிள்ளைக்கு நிறைமாதமாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். மணிக்கூட்டின் கீழே ஓர் ஆணியில் அப்பியாசக் கொப்பி ஒன்றும் பென்சில் ஒன்றும் தொங்குகின்றன. மருமகன் எழுதிய முதற் பக்கத்தில் 1990 என்ற இலக்கமும், குடும்பநல உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கமும், இரவில் வரச் சம்மதித்த ஆட்டோக்காரரின் இலக்கமும் இருக்கின்றன. போன கிழமை ஓர் இரவு அவள் எழுந்து வந்து, "அப்பா, இது நோவோ?" என்று கேட்டாள். நாங்கள் மூவரும் அமர்ந்து ஒன்றரை மணி நேரம் குறித்தோம். ஒழுங்கு இல்லை, வளரவும் இல்லை, தண்ணீர் அருந்திப் படுத்ததும் அடங்கிவிட்டது. நீரோ இரத்தமோ இல்லை. பிள்ளை நன்றாக அசைந்துகொண்டிருந்தது. அவள் உறங்கினாள். இம்முறை என்ன பார்க்க வேண்டும் என்பதை அறிந்துகொண்டு விழித்திருந்தேன்.

உங்கள் வீட்டிலும் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தால், இன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து அந்த முதற் பக்கத்தை எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகின்றேன்.

வணக்கம்.